ஞான பாய்க்கு இல்லாத விடுப்பு

பெனிலா போன மாதம் போனில் கூப்பிட்டு எனக்கு ஒரு வேலை ஏவினாள். எங்கள் துறையின் பணியாளர் சேவை மையத்தில் உதவியாளராக இருக்கிறாள். நான் ஓய்வு பெறும்போது எனக்குக் கீழே இருந்தவள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கிறதாம், அதில் நான் வந்து பேச வேண்டுமாம். தலைப்பையும் அவளே வைத்துவிட்டாள். இந்த வேலையைத் தனியார் கம்பெனியிடம் கொடுக்காமல் அரசாங்கம் தனக்கென்று ஒரு பொது மையத்தை ஏன் வைத்துக்கொண்டது?

“அக்கா, நீங்க அந்தக் கமிட்டி மீட்டிங்குக்கெல்லாம் போனவியதானே. ஒரு அரை மணிக்கூர் பேசினாப் போரும்,” என்றாள்.

சரி என்று சொல்லி வைத்த பிறகுதான் மாட்டிக்கொண்டது புரிந்தது. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன், காரணங்களைக் காதால் கேட்டேன், அந்த மையத்திலேயே வேலையும் பார்த்தேன். ஆனாலும் தெரியாது. இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்க, தெரியும் என்று நினைத்திருந்த கொஞ்சமும் கையைவிட்டுப் போனது.

மையம் என்ற சொல்லே எங்கள் பக்கம் ஒரு குழப்பம். மையத்தில் வேலை பார்த்தேன் என்றால், சாதிச் சான்றிதழ் எடுக்கிற இ-சேவை மையம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் சபை மூப்பர் ஒருவர், பேரனுக்கு வருமானச் சான்று சீக்கிரம் வாங்க வழி உண்டா என்று ஆராதனை முடிந்து வரும்போதெல்லாம் கேட்பார். நாங்கள் பொதுமக்களுக்குச் செய்கிறவர்கள் அல்ல, அரசு ஊழியர்களுக்குச் செய்கிறவர்கள் என்று நானும் விளக்குவேன். ஒரு நர்ஸ் லீவு கேட்டால், ஒருவருக்கு இடமாறுதல் வந்தால், ஒருவருக்குப் பதவி உயர்வு வந்தால் அதற்கான எழுத்து வேலையை முன்பெல்லாம் அந்தந்த மாவட்ட ஆபீஸ் செய்தது. இப்போது தென்பக்கத்து மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நாகர்கோவிலில் ஒரே இடத்தில் செய்கிறார்கள். அதற்குப் பெயர்தான் மையம். மூப்பர் முழுவதையும் பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, “அப்ப வருமானச் சான்று?” என்பார்.

நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்ததையும், பவானிசாகர் அரசு ஊழியர் பயிற்சியில் குழம்பில் தேங்காய் இல்லையே என்று கண்ணீர் விட்டதையும் சொல்லி உங்களை அறுக்கப் போவதில்லை. தபால் பிரித்தேன், தட்டச்சு அடித்தேன், ஒவ்வொரு பிரிவாக மாறினேன், கடைசியில் கண்காணிப்பாளர் ஆனேன். எங்கள் மாவட்ட ஆபீஸில் எல்லோருக்கும் சூப்பிரண்டு அக்கா. எங்களுடையது சுகாதாரத்தைச் சேர்ந்த ஒரு துறை. எங்கள் ஊழியர்களில் பெரும்பாலோர் செவிலியர்கள்.

ஒரு விடுப்பு விண்ணப்பம் எப்படி ஆணையாகும் என்பது இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. தபாலில் வந்து, முத்திரை வாங்கி, பிரிவு உதவியாளரின் பதிவேட்டில் எண் ஏறிக் கோப்பாகும். உதவியாளர் குறிப்பு எழுதுவார். இன்னார், இந்த நிலையத்தில் பணி, இந்தத் தேதி முதல் விடுப்பு, இன்ன விதி. கீழே ‘ஆணைக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது’ என்று முடிப்பார். நான் படித்து, பிழை திருத்தி, சுருக்கொப்பம் போட்டு உள்ளே அனுப்புவேன். அதிகாரி பச்சை மையில் ஒப்புதல் எழுதினால் ஆணை தட்டச்சுக்குப் போகும். எழுத்தில் வைத்துப் பார்த்தால் சுலபமான வேலை.

எங்கள் அதிகாரி ஜாண்றோஸ் சார் அதைச் சுலபமாக விடமாட்டார். அருமனைக்காரர். வீட்டில் ரப்பர் தோட்டம் உண்டு, சம்பளத்தை நம்பி இருக்கிற ஆள் இல்லை என்று ஆபீஸில் பேசிக்கொள்வார்கள். எந்தக் கோப்பு போனாலும் முதல் தடவை ஓரத்தில் பச்சை மையில் ஒரே ஒரு சொல் எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். ‘பேசவும்.’ எல்லா ஆபீஸிலும் அதிகாரிகள் எப்போதாவது எழுதுகிற சொல்தான் இது. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, நேரில் வந்து விளக்கு என்று அர்த்தம். இவருக்கோ சந்தேகம் வருவதற்கு முன்பே அந்தச் சொல் வந்துவிடும்.

கோப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவோம். சார் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, “என்னவாக்கும் கேசு?” என்பார். நாம் விதியை ஒப்பிப்போம். அவர் விதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்பார். இவளுக்கு வீடு எங்கே, அங்கிருந்து பஸ் உண்டா, மாமியார் கூட இருக்கிறாளா, இவள் லீவில் போனால் அந்த மலைப்பக்கத்துக்கு யார் ஊசியோடு போவது என்று கேள்வி போய்க்கொண்டே இருக்கும். தெரியாது சார் என்றால், கேட்டுவிட்டு வா என்பார். கேட்டுவிட்டு வந்தால் வேறு ஒன்றைக் கேட்பார். இரண்டு வரியில் முடிகிற கோப்பு வாரக்கணக்கில் கிடக்கும். எனக்கு எரிச்சலாக வரும். இவர் அதிகாரியா, கல்யாணத் தரகரா என்று உதவியாளர்களிடம் முணுமுணுத்திருக்கிறேன்.

அதனால் இந்த வேலைகளைப் பரிசோதனை முறையில் ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுக்கப் போகிறார்கள், எங்கள் மாவட்டமும் பக்கத்து மாவட்டமும் அதில் உண்டு என்று ஆணை வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கம்பெனி வெளி மாநிலத்தில் இருந்தது. ஊழியர் தன் போனிலேயே லீவு கேட்பார், கம்பெனியின் கணினி சரிபார்க்கும், பொருந்தினால் அதிகாரியின் பெயரில் ஆணை எண்ணோடு வந்துவிடும். பொருந்தாவிட்டால் டிக்கெட் போட வேண்டும். டிக்கெட் என்றதும் எங்கள் ஆபீஸ் உதவியாளர் பஸ் டிக்கெட்டா, சினிமா டிக்கெட்டா என்று கேட்டார். குறை சொல்கிற விண்ணப்பத்துக்கு அப்படி ஒரு பெயர் என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதலில் நன்றாகவே நடந்தது. காலையில் கேட்ட லீவு சாயங்காலத்துக்குள் வந்தது. நர்ஸ் பிள்ளைகள் ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு வந்து எங்களுக்கு நன்றி சொன்னார்கள். நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்றாலும் சிப்ஸைச் சாப்பிட்டோம். ஜாண்றோஸ் சார் மட்டும் மேசையில் கோப்பு இல்லாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆரம்பத்தில் எல்லா ஊழியர்களின் விவரத்தையும் கம்பெனி கேட்டு வாங்கியிருந்தது. பெயர், பிறந்த தேதி, பதவி, ஆணா பெண்ணா என்று கட்டம் கட்டமாக இருந்தது. அந்த ஆண், பெண் கட்டத்தைப் பல பேருக்கு எங்கள் ஆட்கள் காலியாக விட்டுவிட்டார்கள். சோம்பல் என்று சொல்ல முடியாது. ஞான பாய் என்று எழுதிய பிறகு பெண் என்று வேறு எழுதுவார்களா? எங்கள் ஊரில் தங்க பாய், ரத்தின பாய், கமலா பாய் என்று பாயில் முடிந்தால் பெண். ஜாண்றோஸ் என்றால் ஆண். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இங்கே யாருக்கும் தோன்றாது.

கம்பெனியில் காலிக் கட்டத்தை யார் நிரப்பினார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. மற்ற ஊர்களில் பாய் என்பது முஸ்லிம் ஆண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல். எனவே ஞான பாய் ஆண் ஆனாள். ஜாண்றோஸ் என்பதில் ரோஸ் இருக்கிறது. எனவே எங்கள் மாவட்ட அதிகாரி பெண் ஆனார். இது எங்களுக்குத் தெரிய வந்தது ஞான பாய் பேறுகால விடுப்புக் கேட்டபோதுதான்.

ஞான பாய் அருமனைக்கு மேலே மலையோரத்தில் கிராம சுகாதார செவிலியர். பெயரைக் கேட்டால் வயதானவள் என்று தோன்றும், ஆனால் சின்னப் பெண். குடும்பத்தில் யாருடைய பெயரையோ இவளுக்குப் போட்டுவிட்டார்கள். பல வருஷம் ஒரு ஏஜென்சி மூலமாக ஒப்பந்த நர்ஸாக இருந்து, பிறகு தேர்வு எழுதி நிரந்தர வேலைக்கு வந்தவள். தகுதிகாண் பருவம் இன்னும் முடியவில்லை. அது முடிகிறவரை அனுமதியில்லாமல் வேலைக்கு வராமல் இருந்தால் வேலையே போகலாம். ஏற்கெனவே ஒரு பிள்ளை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவையும் உதிரப்போக்கு. எழுந்து நடக்கக் கூடாது, பிள்ளை பிறக்கிறவரை படுத்தே கிடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் போனில் விடுப்புக் கேட்டாள். ‘இவ்வகை விடுப்பு இப்பணியாளருக்குப் பொருந்தாது’ என்று பதில் வந்தது. விடுப்பு வராததால் அவள் படுக்கவில்லை. ஸ்கூட்டரில் ரப்பர் காட்டுக்குள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள்.

நாங்கள் டிக்கெட் போட்டோம். பாலினத்துக்குச் சான்று கேட்டார்கள். ஆதார் அட்டையை அனுப்பினோம். அதற்குப் பதிலாக, ஆண் என்பதிலிருந்து பெண் என்று மாற்றுவதற்கு மருத்துவக் குழுச் சான்றும் அரசிதழ் அறிவிப்பும் தேவை என்று வந்தது. பாலினம் மாறியவர்களுக்கு உள்ள விதியை இவளுக்கு வைத்துவிட்டார்கள். நான் போன் போட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறொரு பிள்ளை எடுக்கும். ஒவ்வொன்றும் தங்கமான பிள்ளை, குரலை உயர்த்தாது, மேடம் மேடம் என்று உருகும். அம்மா, அவள் கர்ப்பிணி, அவள் எப்படி ஆணாக இருப்பாள் என்று கேட்டேன். புரிகிறது மேடம், ஆனால் தரவு உங்கள் ஆபீஸ் கொடுத்தது, மாற்றுவது எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை என்றது. அதுவும் பொய் இல்லை. காலியாக விட்டது நாங்கள்தானே. அப்படியானால் தப்பு யாருடையது? சண்டை போடவும் ஆள் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் ஆள் இல்லை. அந்த டிக்கெட் ‘தீர்க்கப்பட்டது’ என்று முடிந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் ஆபீஸுக்கு வந்தால் வாசல் பெஞ்சில் ஞான பாய் உட்கார்ந்திருக்கிறாள். அருமனையிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது.

“ஏட்டி, ஒன்ன எந்திரிக்கப்பிடாதுன்னுதானே சொல்லிருக்கு. பஸ்ல குலுங்கிக்கிட்டு வந்திருக்கியே,” என்றேன்.

“படுத்தா வேல போவும்னு சொல்லுதாவ அக்கா. படுக்கேல்லன்னா பிள்ள போவும்னு டாக்டர் சொல்லுதாரு. நான் யாரு சொல்லுததக் கேக்கணும்?” என்றாள். அழவில்லை. கேள்வியாகத்தான் கேட்டாள்.

அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் படுக்க வைத்துவிட்டு, பழைய வழக்கப்படி ஒரு தாளில் குறிப்பு எழுதி உள்ளே அனுப்பினேன். இந்த வேலைக்கு இனிமேல் குறிப்பே கிடையாது, எழுதக் கூடாது என்று ஆணை இருந்தது. வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சற்று நேரத்தில் தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ‘பேசவும்’. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல்லைப் பார்த்து எனக்கு மூச்சு வந்தது.

உள்ளே போனேன். கண்ணாடி மடிந்தது. வயிற்றில் பிள்ளை இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லையா என்றார். “அவனுவ வயித்தக் கண்டானுவளா சார், பேரைத்தானே கண்டானுவ,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவளுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், புருஷன் எங்கே, நெய்யூர் ஆஸ்பத்திரிப் பக்கம் சொந்தக்காரர்கள் உண்டா, டாக்டரை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று வழக்கம்போலக் கேட்டார். இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பிறகு தாளை இழுத்து, ‘பேறுகால விடுப்பு அனுமதிக்கப்படுகிறது. கணினியில் பின்னர் சரிசெய்து கொள்ளலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“சார், ஆணை எண் கம்பெனிக் கம்ப்யூட்டர்லதானே விழும். எண் இல்லாத ஆணை செல்லாதே,” என்றேன்.

“எண்தானே வேணும்? நம்ம பழைய பதிவேட்டுல ஒரு எண்ணப் போடும். அவள ஒரு கார் பிடிச்சு வீட்டுல கொண்டு விடும்,” என்றார்.

ஞான பாய் படுத்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. இதற்கு நடுவே, நடைமுறையை மீறிக் கையால் ஆணை போட்டது ஏன் என்று தலைமையிடத்திலிருந்து சாரிடம் விளக்கம் கேட்டுவிட்டார்கள். சார் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். ‘கணினியில் நான் பெண்ணாகப் பதிவாகியுள்ளேன். அந்த விடுப்பு எனக்கு உண்டு. எனக்குத் தேவைப்படாததால் தேவைப்பட்ட ஒருவருக்கு அளித்தேன்.’ வேண்டாம் சார், ஓய்வு பெறும் நேரத்தில் சஸ்பெண்ட் செய்துவிடுவார்கள் என்று கெஞ்சினேன். அப்படியே அனுப்பச் சொல்லிவிட்டார். எனக்குப் பல நாள் தூக்கம் சரியில்லை. அந்த விளக்கத்துக்குப் பதில் வரவே இல்லை.

பதிலுக்குப் பதிலாகக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. பரிசோதனை முடிகிறது, தொடர்ந்து கம்பெனிக்குக் கொடுக்கலாமா, வேறு வழி உண்டா என்று முடிவெடுக்கச் சென்னையில் கூட்டம். சாரோடு நானும் ரயிலில் போனேன். ஞான பாய் கதையை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அது ஒன்று போதும், எல்லோரும் உறைந்துபோவார்கள் என்று நினைத்தேன். அங்கே யாரும் அதைக் கேட்கவே இல்லை.

அங்கே பேசியதை என்னால் முடிந்தவரை சொல்கிறேன். எனக்குப் புரிந்த அளவுதான். நிதிப் பக்கத்திலிருந்து வந்தவர், கம்பெனிக்குப் பணம் கொடுத்தால் அதற்கு மேலே வரியும் கட்ட வேண்டும், நாமே நடத்தினால் வரி இல்லை என்றார். வரி அரசாங்கத்துக்குத்தானே வருகிறது, இடது பையிலிருந்து வலது பைக்குப் போகிறதுதானே என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். பை வேறு, சட்டை வேறு என்று சொல்லி என்னை மேலும் குழப்பிவிட்டார். இன்னொருவர், கம்பெனி வந்தாலும் ஏற்கெனவே இருக்கிற எழுத்தர்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது, அப்போது இரண்டு சம்பளமாகிவிடும் என்றார். அப்படியென்றால் முதலிலேயே ஏன் கம்பெனியைக் கூப்பிட்டார்கள்? சில வருஷத்துக்கு ஒருமுறை டெண்டர் விட வேண்டும், வருகிற புதுக் கம்பெனி அரிச்சுவடியிலிருந்து தொடங்கும், அதற்குள் நம் ஆட்களுக்கு வேலை மறந்துபோயிருக்கும் என்றார் ஒருவர். இது எனக்குப் பிடித்தது. ஆனால் அதைச் சொன்னவரே அடுத்த நிமிஷம், நம் ஆட்களுக்கு வேலை தெரியவில்லை, அதனால்தான் ஒரே இடத்தில் சேர்த்துப் பழக்க வேண்டும் என்றார். ஊழியர்களின் நோய்நொடி விவரமெல்லாம் வெளியே போகக் கூடாது என்றது ஒரு குரல். சங்கங்கள் சும்மா விடாது என்று வேறொருவர் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் இதுதான் உண்மைக் காரணமோ என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

பழையபடி மாவட்ட ஆபீஸ்களுக்கே திருப்பிக் கொடுங்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கடைசியாக ஜாண்றோஸ் சாரைக் கேட்டார்கள். அவர் மேலே மின்விசிறியைத் தேடினார். அது ஏசி அறை.

“மாவட்டத்துக்கு ஒண்ணு வேண்டாம் சார். எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணு போரும். ஆனா அது நம்ம ஆபீசா இருக்கட்டும்,” என்றார். காரணம் கேட்டார்கள். “நம்ம ஆபீஸ்ல ஒருத்தன் தப்பு செய்தா விளக்கம் கேக்கலாம். கம்பெனிக்காரன்கிட்ட அபராதம்தான் கேக்க முடியும்,” என்றார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் விளக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

பொது மையம் என்று முடிவானது. திரும்பி வரும்போது ரயிலில், இத்தனை காரணத்தில் எது சார் காரணம் என்று கேட்டேன். “இத்தன காரணம் சொல்லுதானுவன்னா ஒண்ணும் தனியாப் போராதுன்னு அர்த்தம்,” என்று சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். சில மாதத்தில் ஓய்வும் பெற்றார்.

மையம் வந்தது. எங்கள் பிரிவை ஆபீஸிலிருந்து பிரித்து அங்கே கொண்டு வைத்தார்கள். பக்கத்து மாவட்டங்களின் எழுத்தர்களும் வந்து சேர்ந்தார்கள். வேலைக்கு ஏதாவது வித்தியாசம் உண்டா என்றால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கம்பெனியில் இருந்த அதே கட்டங்கள், அதே பதிவுகள், அதே டிக்கெட். திரையில் அனுமதி, மறுப்பு, திருப்புக என்று மூன்று பொத்தான்கள். மென்பொருள் செய்ய வந்த பையனிடம், பேசவும் என்று நாலாவதாக ஒன்று வை தம்பி என்றேன். யார் யாரிடம் பேச வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள் பேச வேண்டும் என்று கேட்டான். அதையெல்லாம் நானெங்கே கண்டேன்? கடைசியில் ‘கருத்து’ என்று ஒரு பெட்டி வைத்துக் கொடுத்தான். அதில் யாரும் கருத்து எழுதுவதில்லை.

ஒரு நாள் தூத்துக்குடியிலிருந்து ஒருவர் போனில் கத்தினார். நான் பொறுமையாக, தரவு உங்கள் ஆபீஸ் கொடுத்ததுதானே சார் என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தக் கம்பெனிப் பிள்ளை சொன்ன அதே வார்த்தை, அதே குழைவு. அப்புறம் எதற்கு இந்த மையம், அவர்களே இருந்திருக்கலாமே என்று அன்று முழுவதும் மனம் அடித்துக்கொண்டது. ஜாண்றோஸ் சார் இருந்ததால் ஞான பாய்க்குக் கிடைத்தது. அது மையத்தால் கிடைத்ததா? மையம் அப்போது பிறக்கவே இல்லையே. சார் மாதிரி ஒருவர் இல்லாத மாவட்டத்தில் என்ன நடந்திருக்கும்?

அதற்கு ஒரு நாள் தானாகப் பதில் வந்தது. பெனிலாவின் வகுப்பில் வரி, டெண்டர் என்று எதைச் சொல்வேனோ தெரியாது, இதை மட்டும் சொல்லிவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

நான் ஓய்வு பெற இருந்த வருஷம். மையத்துப் போனில் ஒரு பெண். பெயர் செல்ல பாய், சொந்த ஊர் அஞ்சுகிராமம். பக்கத்து மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எங்கள் துறை நர்ஸாக இருந்து வேலையை விட்டவள். குவைத்தில் வேலை கிடைத்திருக்கிறது, அதற்கு இங்கே வேலை பார்த்த அனுபவச் சான்று வேண்டும். கணினியில் எடுத்து அனுப்பியிருக்கிறாள். பாஸ்போர்ட்டில் பெண், சான்றில் ஆண், இது நீ இல்லை என்று ஏஜென்ட் திருப்பிவிட்டானாம்.

நான் அவளுடைய பதிவைத் திறந்தேன். ஆண் என்று இருந்தது. அதற்குக் கீழே பேறுகால விடுப்பு மறுக்கப்பட்டதும், பணிக்கு வராததற்கு அறிவிப்புகள் போனதும், ராஜினாமா ஏற்கப்பட்டதும் வரிசையாகக் கிடந்தன. ஏன் ராஜினாமா செய்தாய் என்று கேட்டேன். லீவு வராமலேயே படுத்துவிட்டாளாம். துறையே வேலையிலிருந்து நீக்கினால் பிறகு எந்த அரசு வேலையும் கிடைக்காது, நீயே எழுதிக் கொடுத்துவிடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஆபீஸில் போய்ச் சொல்லவில்லையா என்றேன். மாமா இரண்டு தடவை போனாராம், கம்ப்யூட்டர் சொல்கிறது, நாங்கள் என்ன செய்ய என்றார்களாம். அங்கே இருந்ததும் கம்பெனிக்காரர்கள் இல்லை, எங்களைப் போன்ற அரசு ஊழியர்கள்தான். குழந்தை எப்படி இருக்கிறது என்றேன். மகன், எல்.கே.ஜி. போகிறான், அம்மா வீட்டில் விட்டுவிட்டுத்தான் குவைத்துக்குப் போகிறேன் என்றாள்.

ஏற்கப்பட்ட ராஜினாமாவைத் திரும்ப எடுக்க விதி இல்லை. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அதைக் கேட்கவும் இல்லை, சான்றை மட்டும்தான் கேட்டாள். பாஸ்போர்ட் நகலை அனுப்பு என்றேன், வந்தது. லைனிலேயே இரு மக்ளே என்று சொல்லிவிட்டு, அன்று கம்பெனியிடம் மாற்றச் சொல்லிக் கெஞ்சிய அதே கட்டத்தைத் தொட்டேன். ஆண், பெண் என்று இரண்டு வார்த்தை கீழே விரிந்தது. பெண் என்பதைத் தொட்டு, காரணம் என்ற இடத்தில் ‘பெயரைத் தவறாகப் புரிந்துகொண்டது’ என்று அடித்து, சேமித்தேன்.

“சரி செய்தாச்சு மக்ளே. இப்ப எடுத்துப் பாரு, பெண்ணுன்னு வரும்,” என்றேன்.

அவள் எடுத்துப் பார்க்கிற வரை காத்திருந்தேன். பின்னால் ஒரு சின்னப் பையன் எதற்கோ அம்மாவைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

“வந்திருக்கு,” என்றாள். “இவ்வளவுதானா அக்கா?”

“இவ்வளவுதான் மக்ளே,” என்றேன்.